ஈயவில்லைக் கணக்கு

ஞாயிறு காலை மணியடித்து ஓய்ந்ததும்
வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நடப்பேன்.
அவர் பின்னால் வருவார்.
பிரசங்க பீடத்தின் கதவைத் திறந்து,
அவர் ஏறியதும் சாத்தித் தாழிடுவது என் வேலை.
பூனையைக் கூடையில் அடைப்பதுபோல என்பாள் என் மனைவி.
வார நாட்களில் அதே கைகளால் குழி வெட்டுவேன்.

கெய்த்னஸ் கரையில் எங்கள் சபை அவரை அழைத்தது
அறுபத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு என்ற கணக்கில்.
ஐம்பத்தெட்டில் நான் ஒருவன். அது அவருக்குத் தெரியும்.
ஏனியஸ் மெக்கே. வயது இருபத்தொன்பது.
அபர்டீனில் படித்த எபிரெயு,
மழைக்கோட்டுக்குள் பொத்திக் கொண்டுவந்த வயலின்.
வயலினை மூப்பர்கள் அந்த வாரமே பார்த்துவிட்டார்கள்.
பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

நல்ல பிரசங்கியா? சொல்லத் தெரியவில்லை.
வடகிழக்குக் காற்று அடித்தால்
கடைசி மூன்று வரிசைக்கு எதுவும் கேட்காது.
அந்த வரிசைகள்தான் முதலில் நிரம்பும்.
ஆனால் ஹெர்ரிங் நிறைந்த வலை எப்படிக் கனக்கும் என்று
படகேறிப் போய் இழுத்துப் பார்த்து வந்தார்,
வழியெல்லாம் வாந்தியெடுத்தபடி.
ஐம்பத்தெட்டில் பத்துப் பேராவது அன்று மனம் மாறினார்கள்.
நான் மாறவில்லை.

இராப்போஜனத்துக்கு முந்தைய சனிக்கிழமை
மூப்பர்கள் ஈயவில்லை கொடுப்பார்கள்.
கட்டைவிரல் நகத்தளவு. ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் ஆண்டு.
அது இருந்தால் மேசை. இல்லாவிட்டால் சுவரோரப் பெஞ்சு.
போதகருக்கும் ஒன்று உண்டு, எங்கள் ஊர் வழக்கம்.
அவருடைய முதல் கோடையில்
மீன் அறுக்கும் கொட்டகையின் எஃபி பட்ஜுக்குக் கொடுக்கவில்லை.
கையில் குழந்தை, விரலில் மோதிரமில்லை.
தகப்பன் பெயரைச் சொல் என்றார்கள்.
அவள் விரலில் ஒட்டிய செதிலைச் சுரண்டிக்கொண்டே நின்றாள்.
தீர்ப்பை வாசித்தவர் அவர்தான்.
காகிதம் நடுங்கவில்லை, கவனித்தேன்.
தகப்பன் அதே மேசையில், இடமிருந்து மூன்றாவதாக
உட்கார்ந்திருந்தான்.
எனக்குத் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை.

பிறகு வருடங்கள். குழிகளை வைத்தே எனக்கு அவை நினைவிருக்கின்றன.
அவர் மனைவி கேத்தரினுக்கு மார்ச்சில், உறைந்த மண்ணில்,
இரண்டு நாள் வெட்டினேன்.
படகு கவிழ்ந்த ஆண்டில் ஆறு பேர், நான்கு குழி.
மிச்சம் இரண்டைக் கடல் தரவில்லை.
அந்த ஞாயிறு பீடமேறி வசனத்தை வாசித்தார்,
அதற்குமேல் பேசவில்லை.
கடிகாரத்தில் பதினோரு நிமிடம்.
யாரோ இருமினார்கள். சங்கீத எண்ணைச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.
விசாரிக்க மாவட்டச் சபையிலிருந்து இருவர் வந்தார்கள்,
என்ன பிரசங்கித்தார் என்று கேட்டார்கள்.
கடைசி வரிசைக்கும் கேட்டது என்றேன்.

போகிற ஆண்டு, கடைசி இராப்போஜனத்துக்கு முந்தைய மாலை
மண்வெட்டியோடு நான் வருகையில் பார்த்தேன்:
எஃபி வீட்டு வாசலில் தொப்பி கழற்றிய கிழவர்.
உப்புப் பீப்பாயின் மேல் எதையோ வைத்தார்.
முப்பத்தேழு வருடம் சுவரோரத்தில் உட்கார்ந்தவள்
அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"பல் போன பிறகா ரொட்டி கொண்டுவருகிறீர்கள்?"
"ஆமாம்" என்றார்.
அவ்வளவுதான். இவ்வளவு காலம் பேசிப் பிழைத்த மனிதர்.

மறுநாள் அவள் வந்து மேசையில் அமர்ந்தாள்.
ரொட்டியை எல்லாருக்கும் பிட்டுக் கொடுத்தார்,
கிண்ணத்தைக் கொடுத்தார்,
இரண்டும் திரும்பி வந்தபோது
தான் தொடாமல் துணியால் மூடினார்.
பக்கத்து அறையில் வில்லைகளை எண்ணினேன்.
கொடுத்தது நூற்று நாற்பத்திரண்டு, வந்தது நூற்று நாற்பத்திரண்டு.
"கணக்கு சரிதானே?" என்றார்.
சரி என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை ரயிலில் போனார். பெட்டியை நான் தூக்கினேன்.
இடமிருந்து மூன்றாவது ஆள் அந்தக் குளிர்காலத்தில் செத்தான்.
அவனுக்கும் நான்தான் வெட்டினேன்,
வழக்கத்தைவிட அரையடி ஆழமாக.